வயிற்றை இறுக்கிய சேலை

எனக்கு வயது எண்பத்தொன்று. ஐந்து பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கினேன். கையெழுத்து மட்டும் போடத் தெரியும். நான் சொல்லச் சொல்ல பேத்தி எழுதுகிறாள்.

தாம்பரத்தில் குடியிருந்தபோது மூத்தவள் பிறந்தாள். நாற்பதாம் நாள் என் வீட்டுக்காரர், "உள்ள இன்னும் ஒண்ணு இருக்கா?" என்று சிரித்தார். அன்றிலிருந்து கண்ணாடியில் எனக்கு முகம் தெரியவில்லை, வயிறுதான் தெரிந்தது. பிள்ளை பெற்றவளுக்குக் கட்டும் பழைய சேலையை மூச்சு முட்ட இறுக்கினேன். சோற்றை யாருக்கும் தெரியாமல் கோழிக்குக் கொட்டினேன். பத்தே நாளில் பால் வற்றியது. குழந்தை கத்திக் கத்தித் துவண்டது. அப்போதும் கட்டை அவிழ்க்க மனம் வரவில்லை. செத்துப்போகலாம் என்றுதான் தோன்றியது.

தெருவில் மீன் விற்றுக்கொண்டு போனவள் அழுகை கேட்டு உள்ளே வந்தாள். அவளும் கைக்குழந்தைக்காரி. கூடையை இறக்கி, கை கழுவி, என் மகளை வாங்கித் தன் மார்பில் போட்டுக்கொண்டாள். அவள் வயிறு மடிப்பு மடிப்பாகச் சரிந்து கிடந்தது. அதன்மேல் காலை உதைத்துக்கொண்டு குழந்தை குடித்தது.

"இன்னாமே, மூட்டை மாதிரி கட்டிகினு கீறே? அவுத்துப் போடு. வூட்ல கஞ்சி கீதா? குடி."

"அசிங்கமா இருக்கேன்க்கா."

"யாருக்கு? இந்தக் கொயந்தைக்கா?"

சேலையை அவிழ்த்தேன். சாப்பிட்டேன். ஒரு வாரம் தினமும் வந்து பால் கொடுத்தாள். பிறகு எனக்கே ஊறியது. ஆனாலும் இன்றுவரை கண்ணாடியில் வயிற்றைத்தான் முதலில் பார்க்கிறேன்.

எங்கே, எழுதினதைப் படி கண்ணு. உன் அம்மா பசியில் அழுததை விட்டுவிடாமல் படி.