பொன்னுரங்கம் மாமாவின் காதுக்குள் விசில்

என் அக்கா ரத்னாவின் புருஷன் பொன்னுரங்கம் சாவு மேளக்காரர். அடையாற்றங்கரைக் குடிசைகளில் யார் செத்தாலும் பாடைக்கு முன்னால் அவர் டிரம்தான் அதிரும். அபிராமபுரம் வரைக்கும் கூப்பிடுவார்கள். அவர் அடித்தால் தெருவே கூடிவிடும். அந்தத் திமிர் அவருக்கு உண்டு. என் மாமா என்ற பெருமை எனக்கும் உண்டு.

நாற்பதைத் தாண்டியதும் அவர் காதுக்குள் விசில் சத்தம் ஆரம்பித்தது. "குக்கர் கணக்கா ஊதிக்கினே கீது மச்சான், அணைக்கத்தான் அடுப்பில்ல" என்பார். பூண்டு போட்டுக் காய்ச்சிய எண்ணெயை விட்டுப் பார்த்தார். பஞ்சை அடைத்தார். பஞ்சு வைத்தால் விசில் இன்னும் கூடியது.

மேளம் அடிக்கும்போது மட்டும் அது அடங்கியது.

"டிரம்ம மாட்டுனா கப்சிப்புனு ஆயிடுது. அதான்டா மருந்து" என்றார். அதற்காகவே கூப்பிடாத சாவுக்கும் போய் நின்றார். மேளம் ஓய்ந்ததும் விசில் முன்னைவிட உரக்க வரும். அடுத்த சாவு எங்கே என்று விசாரிப்பார். 

ஒரு நாள் என் ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனேன். டாக்டரம்மா சோதித்துவிட்டுப் பொறுமையாகவே சொன்னார்.

"மேளச் சத்தம் உங்க உள்காதுல இருக்கிற நுண்ணிய முடிகளைச் சாகடிச்சிருக்கு. அது திரும்ப முளைக்காது. அங்கிருந்து சத்தம் வராததால மூளை தானாவே ஒரு சத்தத்தைப் போட்டு நிரப்பிக்குது. அதான் இந்த விசில். மெஷின் வெச்சா பேச்சு கேக்கும், விசிலும் கொஞ்சம் தணியும். மேளத்தை விட்டுடுங்க."

"எனக்கா காது கேக்கல? டிரம்மு சோக்கா கேக்குதே!" என்று மாமா எழுந்து வந்துவிட்டார். கனத்த சத்தமெல்லாம் கேட்கத்தான் செய்தது. மெல்லிய பேச்சுதான் போயிருந்தது. மேளக்காரன் காதில் மெஷினைப் பார்த்தால் எவன் கூப்பிடுவான் என்று வீம்பு பிடித்தார்.

அந்த வருஷமே அக்காவுக்குத் தொண்டையில் புற்றுநோய். ஆபரேஷனுக்குப் பிறகு குரல் இல்லை, வெறும் காற்றுதான் வந்தது. எழுதவும் தெரியாதவள். அவள் வாயருகே காதை வைத்தால் எனக்குப் புரியும். மாமாவுக்கு விசில்தான் கேட்டது.

"அந்த மெஷின வாங்கித் தொலையேன் மாமா!" என்று கத்தினேன்.

"வாங்குறேன்டா" என்றார். வாங்கவில்லை.

கடைசி நாள் காலையில் நான் டீ வாங்கப் போயிருந்தேன். அக்கா அவர் கையைப் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் பேசியிருக்கிறாள். நான் திரும்பி வந்தபோது அவள் முகம் தெளிந்திருந்தது. மூச்சு இல்லை.

சாவு வீட்டுக்காரன் மேளத்தைத் தொடுவது வழக்கமில்லை. மாமா, கூட அடிக்கும் அறிவு என்ற பையனின் தோளிலிருந்து டிரம்மைப் பிடுங்கி மாட்டிக்கொண்டு சுடுகாடு வரைக்கும் அடித்தார். பொண்டாட்டி மேல் எவ்வளவு பாசம் என்று ஜனம் அழுதது. பாசம்தான், இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் அந்த விசிலோடு அன்றைக்கு அவரால் சும்மா நடந்து வந்திருக்க முடியாது.

கொள்ளி வைத்துவிட்டு வந்தவர் என் சட்டையைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டார்.

"அவ இன்னாவோ கேட்டுக்கினே இருந்தா மச்சான். நானும் சரி சரின்னு தலைய ஆட்டுனேன். சிரிச்சிக்கினே கண்ண மூடுனா. நான் இன்னாத்துக்குடா சரின்னேன்?"