மச்சாளின் பிளெண்டர்

என் மகளுக்கு ஒன்பது வயது. பெருங்குடலில் ஆறாத புண். மலத்தோடு இரத்தம் போகும். ஸ்டீரொய்ட் கொடுத்ததில் முகம் ஊதியதுதான் மிச்சம். ஊசி வழியாக ஏற்றும் புது மருந்தைத் தொடங்கலாம் என்றார் டொக்டர். யோசித்துச் சொல்கிறோம் என்று வந்துவிட்டேன். படித்தவள் என்று பெயர். அதன் பக்கவிளைவுகளை வாசிக்க வாசிக்கப் பயம்தான் கூடியது.

அந்த இடைவெளியில் மச்சாள் புகுந்தார். கணவரின் அக்கா, வெள்ளவத்தையில் எங்களுக்கு மேல்மாடியில் இருப்பவர். அவருடைய ஃபோனில் ஒரு வீடியோ: நோயில்லாத ஒருவரின் மலத்தைக் கரைத்துப் பிள்ளையின் குடலுக்குள் செலுத்தினால், நல்ல கிருமிகள் பெருகிப் புண் ஆறுமாம்.

"மருந்தே இல்லை, இயற்கை. வீட்டிலயே செய்யினம், பாரும்."

"அப்ப நான் தாறன்," என்றார் கணவர்.

"நீயோ? கொத்து ரொட்டி இல்லாமல் ஒரு கிழமை இருந்திருக்கிறியோடா? சுத்த சைவம் சாப்பிடுற ஆளின்டதுதான் வேணும். நான் தாறன்."

கோயில் உபயத்துக்குப் போட்டி போடுவதுபோல இருவரும் சண்டை பிடித்தார்கள். கதவடியில் நின்ற மகள், "ரெண்டு பேரின்டயும் எனக்கு வேண்டாம், சீ!" என்றாள்.

எனக்குள்ளும் ஒரு ஆசை. டொக்டரிடம் போய்க் கேட்டேன். இந்த நோயுள்ள பிள்ளைகளுக்கு அது இன்னும் ஆராய்ச்சியில்தான் இருக்கிறது என்றார். மலம் கொடுப்பவரை முழுதாகச் சோதிக்காமல் வீட்டில் செய்தால் வேறு நோய் தொற்றி உயிருக்கே ஆபத்தாகலாம். பிறகு, "மருந்துக்கு என்ன முடிவு?" என்று கேட்டார்.

வீட்டில் சொன்னேன். மச்சாள் விடவில்லை. "டொக்டர்மார் அப்பிடித்தான் சொல்லுவினம்."

எனக்குப் பொறுமை போய்விட்டது. "சரி மச்சாள். வீடியோவில பிளெண்டரிலதான் அடிக்கினம். உங்கட பிளெண்டரைக் கொண்டு வாங்கோ."

"என்ர பிளெண்டரோ? ஐயோ, அதில நான் சட்னி அரைக்கிறனான்!"

"அப்ப என்ரயில அடிப்பம்."

மச்சாள் மேலே போய்விட்டார்.

மறுநாள் காலை மகள் கழிவறையிலிருந்து கூப்பிட்டாள். "அம்மா, இண்டைக்கும் சிவப்பு." ஏதோ பழகிப்போன விஷயத்தைச் சொல்வதுபோலச் சொன்னாள். அந்தக் குரலை என்னால் தாங்க முடியவில்லை. கிளினிக்குக்கு ஃபோன் எடுத்து, மருந்தைத் தொடங்கச் சொன்னேன். ஃபோனை வைத்ததும், அவசரப்பட்டுவிட்டேனோ என்ற பயம்.

மருந்தேற்றிய அன்று மச்சாள் வார்டுக்கு இடியப்பம் கொண்டு வந்தார். மகள் ஊசி குத்தாத கையால் பிய்த்துச் சாப்பிட்டாள். மச்சாள் என் காதருகே குனிந்தார்.

"உம்மட பிளெண்டரில ஒண்டும் செய்யேல்லைத்தானே? அண்டைக்குப் பிறகு உங்கட வீட்டில சட்னி சாப்பிடவே மனம் வருகுதில்லை."

நான் குழாயில் சொட்டும் மருந்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.