தொப்பியைக் கழற்றியவர்

எண்பதுகளில் ஜெனீவாவில், நானும் என் அறையில் இருந்த அண்ணையும் வேலைக்குப் போகும் பஸ்ஸில் ஒரு சுவிஸ்காரக் கிழவர் வருவார். நீண்ட மூக்கு, சாம்பல் நிறத் தொப்பி, மடியில் இலங்கைப் பறவைகள் பற்றிய புத்தகம். செம்முகப் பூங்குயில் போல அருகிவரும் பறவையின் படம் வந்தால் தொப்பியைக் கழற்றுவார். பக்கத்தைப் புரட்டியதும் மறுபடி போட்டுக்கொள்வார்.

“விசர்க் கிழவன்” என்பார் அண்ணை.

நாங்கள் அந்தத் தீவுக்காரர் என்று தெரிந்த அன்று, எங்கள் ஊரில் என்னென்ன பறவைகள் என்று கிழவர் ஆவலோடு கேட்டார். கொஞ்சம் பிரெஞ்சு தெரிந்த நான் அண்ணையிடம் கேட்டேன்.

“கொக்கு, மைனா எல்லாம் நிக்கும். ஷெல்லடிக்குப் பிறகு சனம்தான் ஒருத்தரும் இல்லையெண்டு சொல்லு.”

சொன்னேன். கிழவர் தொப்பியைக் கழற்றினார். தன் நிறுத்தத்தில் இறங்கி, கொட்டும் பனியில் நடந்தபோதும் அதைக் கையில்தான் வைத்திருந்தார்.