கங்கம்மாள் நகம் தேய்க்கிறாள்

விடிந்ததும் கங்கம்மாள் கொல்லைப் படியில் உட்கார்ந்து நகம் தேய்க்கிறாள். வெட்டுவதில்லை. வெட்டின நகத்துக்கு எங்கேயாவது ஒரு முனை மிஞ்சும் என்பது அவள் கட்சி. உள்ளங்கை அளவுக்குச் சாம்பல் நிறக் கல் ஒன்று வைத்திருக்கிறாள். அதில் இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டு, வலது கைக் கட்டைவிரலில் ஆரம்பிப்பாள். முன்னும் பின்னும் பத்துத் தேய்ப்பு, பிறகு பக்கவாட்டில், பிறகு நகமும் சதையும் சேருகிற மூலையில். ஒரு விரல் முடிந்ததும் கண்ணை மூடிக்கொண்டு, அந்த நகத்தால் தன் இமைமேல் ஒரு கோடு இழுத்துப் பார்ப்பாள். இமை நெளிந்தால் அந்த விரலுக்கு மறுபடியும் தண்ணீர். பத்து விரலும் இமையைத் தாண்டின பிறகுதான் கஞ்சி.

தோல் ஷாப்பில் ஈரத்தோலைப் பலகைமேல் விரித்துச் சுருக்கம் போகத் தேய்ப்பார்களே, அந்தக் கல்லின் உடைந்த துண்டு அது. ஆம்பூரில் தோல் ஷாப்புக்குப் பஞ்சமில்லை. ஆனால் மருத்துவச்சி வீட்டில் அதற்கு என்ன வேலை என்று ஒருநாள் கேட்டேன்.

"எங்கியோ கெடச்சுது, நைனா," என்றாள்.

எனக்கு அது உறைத்தது. இருபது வருஷத்துக்கு முந்திய பிரசவம் ஒன்றைக் கேட்டால், என்ன கிழமை, மழையா வெயிலா, யார் வீட்டுச் சேவல் கூவிற்று என்பது வரை சொல்கிறவள் அவள். அவள் வாயில் 'எங்கியோ' என்ற சொல் வந்து அதற்கு முன் நான் கேட்டதில்லை.

அவளுக்கு நாற்பத்தேழு வயது இருக்கும். குட்டை உருவம், அகலமான பாதம், அவசரமே இல்லாத நடை. எந்த வீட்டிலிருந்து ஆள் ஓடிவந்தாலும் அவள் ஓடமாட்டாள். "நான் ஓடுனா அவ பயப்படுவா," என்பாள். தெருவில் எதிர்ப்படுகிறவர்களின் முகத்தைப் பார்க்கிறதுக்கு முன் தலையைப் பார்ப்பாள். கடைத்தெருவே எழுந்து நின்று மரியாதை செய்கிற இளவயது மண்டி முதலாளி ஒருவர், இவளைக் கண்டால் மட்டும் குடையைச் சாய்த்துக்கொண்டு எதிர்ப்பக்கம் போய்விடுவார். "காலு முன்னால வந்த ஆளு. இன்னிக்கும் பாரு, நேரா வர்றாரா," என்று அவர் காதில் விழும்படியே சொல்வாள். வேலூர் ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு நர்ஸம்மா மருத்துவச்சிகளைப் பார்வையிட வந்தபோது, வரிசையாக எல்லார் கையையும் திருப்பிப் பார்த்துத் திட்டிக்கொண்டே வந்தாராம். கங்கம்மாளின் கையைப் பார்த்துவிட்டுத் தன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாராம். இதையும் கங்கம்மாள்தான் சொன்னாள்.

நானும் அவள் கையில் விழுந்தவன்தான். தாலுகா கச்சேரியில் நகல் எழுதுகிற வேலைக்குப் போன பிறகும் அந்த உரிமையை அவள் விடவில்லை. "உனக்குத் தலை பெரிசு. அந்தத் தலையால உங்கம்மா பட்ட பாடு எனக்குத் தெரியும். அதுக்குள்ள இன்னா வச்சுக்கினு இருக்கேன்னுதான் தெரியல," என்பாள். ஒருமுறை என் கையிலிருந்த புத்தகத்தைப் பார்த்து, "கதையா?" என்றாள். புதுக் கவிதைகள் என்றேன். "எங்க, பாடு." இது பாடுகிறதில்லை என்றேன். "பாடாத பாட்டுக்குக் காகிதம் தண்டம்," என்று சொல்லிவிட்டுப் போனாள்.

போன வருஷம் கச்சேரிக்கு ஒரு கட்டு வந்தது. கார்டிஃப் என்ற சீமைத் துறைமுகத்திலிருந்து கிளம்பி, லண்டன், சென்னை, கலெக்டர் ஆபீஸ் என்று ஒவ்வொரு இடத்திலும் ஒரு முத்திரை வாங்கிக்கொண்டு வந்திருந்தது. சங்கதி இதுதான். 1925-ஆம் வருஷம் சீமையில் ஓர் உத்தரவு போட்டார்கள். அங்கே கப்பல் வேலை செய்கிற கறுப்பு நிறத்தவர்கள், தாங்கள் பிரிட்டிஷ் பிரஜைகள் என்பதற்குக் காகிதம் காட்ட வேண்டும். காட்டாதவர்கள் அந்நியர் என்று போலீஸில் பெயர் பதிந்துகொள்ள வேண்டும். கப்பலின் அடித்தளத்தில் அடுப்புக்குக் கரி தள்ளுகிறவனிடம் என்ன காகிதம் இருக்கும்? ஆம்பூர் ஜியாவுல்லாவிடம் இல்லை. யுத்தத்தின்போது நான்கு வருஷம் அவர்கள் கப்பலிலேயே கரி தள்ளியிருக்கிறான். அப்போது யாரும் எந்த ஊர் என்று கேட்கவில்லை. இப்போது அவன் கையில் 'அந்நியன்' என்ற புத்தகத்தைக் கொடுத்திருந்தார்கள். அதைக் கண்டால் கப்பல்காரர்கள் வேறு ஆளைக் கூப்பிடுகிறார்கள். ஏழு மாதமாக வேலை இல்லை. இவன் பிரிட்டிஷ் எல்லைக்குள் பிறந்தவன்தானா என்று ஊரில் விசாரித்து எழுத வேண்டும். அதைப் பொறுத்துத்தான் அவன் அங்கே இருப்பதும் பிழைப்பதும்.

ரெவின்யூ இன்ஸ்பெக்டர் கோதண்டராமன் விசாரணைக்குப் புறப்பட்டார். எழுதுவதற்கு நான். ஜியாவுல்லாவின் தாயார் அன்வரி பேகம் விதவை, கோஷா; அந்நிய ஆண்கள் முன் வரமாட்டார். தெருவில் நாற்காலி போட்டு இன்ஸ்பெக்டர் உட்கார்ந்தார். வாசலில் தொங்கின படுதாவுக்குப் பின்னாலிருந்து பதில் வந்தது.

"உங்கள் பிள்ளை எங்கே பிறந்தான்?"

"கோலார்ல. எங்க வாப்பா வீட்டுல," என்றது குரல், கொஞ்சம் உரத்தே, பக்கத்து வீடுகளுக்கும் கேட்கட்டும் என்பதுபோல. "தலைச்சன் புள்ள. வேற எங்க பொறக்கும்?"

இன்ஸ்பெக்டர் என்னைப் பார்த்தார். நான் எழுதினேன். திரும்பி நடக்கும்போது சொன்னார்: "முடிந்தது, போ. கோலார் மைசூர் சமஸ்தானம். பையன் மகாராஜாவின் பிரஜை. பிரிட்டிஷ் பிரஜை என்று நாம் எழுதிக் கொடுக்க முடியாது. சுத்தப் பிரதி எழுது, நாளைக்குக் கைநாட்டு வாங்கிவிடலாம்."

மறைவில் இருந்த அந்த அம்மாளுக்குத் தான் என்ன சொல்லிவிட்டோம் என்று தெரியவில்லை. பிள்ளையைப் பற்றி நல்ல வார்த்தை சொன்னதாகத்தான் நினைத்திருப்பார்.

சாயங்காலம் கங்கம்மாள் என்னைத் தெருமுனையில் நிறுத்தினாள்.

"பீபீ வீட்டுல இன்னா எழுதிக்கினு வந்தே?"

கச்சேரி விஷயம், சொல்லக்கூடாது என்றேன்.

"உன்ன வெளிய எடுத்தவ நான். என்கிட்ட இன்னாடா மறைப்பு?"

சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். கோலார் என்றதும் அவள் முகம் மாறவில்லை; அந்தப் புத்தகம், ஏழு மாதம் என்றபோதுதான் மாறிற்று. "எத்தன மணிக்கு வருவாரு உங்க இன்ஸ்பெட்டரு?" என்று மட்டும் கேட்டாள்.

மறுநாள் நாங்கள் போவதற்கு முன்பே படுதாவுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தாள். இன்ஸ்பெக்டர் யார் இவள் என்று கேட்டார். மருத்துவச்சி என்றேன்.

"இது கோலாரில் நடந்த பிரசவம். உனக்கு இங்கே என்ன ஜோலி?"

"கொஞ்சம் இருங்க, சாமி," என்று சொல்லிவிட்டு அவள் படுதாவின் பக்கம் திரும்பினாள். "பீபீ, நான் சொல்லப்போறேன். வேணாம்னா இப்பவே வேணாம்னு சொல்லு."

எதிர்வீட்டு ஜன்னலில் இரண்டு தலைகள் தெரிந்தன. இன்ஸ்பெக்டர் கடிகாரத்தை எடுத்துப் பார்த்தார். கங்கம்மாள் அவரைப் பார்க்கவில்லை. ஒரு வலிக்கும் அடுத்த வலிக்கும் நடுவே காத்திருந்து பழகினவள் அவள், அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

கடைசியில் படுதாவுக்குப் பின்னால், "எங்க வாப்பா பேரு கெட்டுடாதா?" என்று கேட்டது. நேற்றைக் குரல் இல்லை அது.

"உங்க வாப்பா போயி இருவது வருஷம் ஆச்சு. புள்ள இருக்கான்."

பிறகு இன்ஸ்பெக்டரிடம் திரும்பிச் சொன்னாள். தோல் வியாபாரத்தில் சம்பந்திகளுக்குள் மனஸ்தாபம். தலைப்பிரசவத்துக்கு அழைத்துப்போகக் கோலாரிலிருந்து ஆள் வரவில்லை. ஒன்பதாம் மாதம் வரைக்கும் பார்த்துவிட்டு, மாமனாரே வண்டி கட்டி, ஊரார் கண்ணில் படும்படி ரயிலுக்கு அழைத்துக்கொண்டு போனார். பாதி வழியில் வலி எடுத்தது. வண்டியை ஆற்றோரத் தோல் ஷாப்புக்குத் திருப்பி, ஆவாரம்பட்டை போட்டுவைக்கிற கிடங்கில் இறக்கினார்கள். அங்கே கங்கம்மாளின் கையில்தான் பிள்ளை பிறந்தது. மூன்றாம் நாள் அங்கிருந்தே ரயிலேற்றிக் கோலாருக்கு அனுப்பினார்கள். கர்ப்பிணியாக வண்டி ஏறினதைத் தெரு பார்த்தது. ஐந்து மாதம் கழித்துப் பிள்ளையோடு இறங்கினதையும் பார்த்தது. நடுவில் நடந்தது தெரிந்தவர்களில் இப்போது இரண்டு பேர்தான் மிச்சம்.

"அப்பா வீட்டுக்காரங்க கூப்பிட வரலன்னா, சாமி, ஒரு பொண்ணுக்கு அதவிட அவமானம் இல்ல. அதான் கோலார்னு சொல்லுது. நேத்துத் தொட்டு இல்ல, இருவத்தெட்டு வருஷமா."

இன்ஸ்பெக்டருக்கு மனம் ஒப்பவில்லை. "தலைச்சன் தாய்வீட்டில்தான் என்பது வழக்கம். பெற்றவளே சொல்லியிருக்கிறாள்."

"வலி வழக்கத்தக் கேட்டுக்கினா வரும்?"

நான் குனிந்துகொண்டேன். அவர் மீசையும் லேசாக அசைந்ததாக ஞாபகம்.

"சரி. சீமையில் இருக்கிறவன் அந்தப் பிள்ளைதான் என்பதற்கு என்ன அத்தாட்சி? பெயர் எத்தனையோ பேருக்கு இருக்கும்."

"எடது காதுக்கு மேல, மயிருக்குள்ள, நெல்லு நீளத்துக்கு ஒரு தழும்பு. பிறை மாதிரி வளைஞ்சு இருக்கும். அந்த எடத்துல மயிர் மொளைக்காது."

இன்ஸ்பெக்டர் கட்டைப் பிரித்தார். கார்டிஃப் போலீஸ்காரன் இங்கிலீஷில் எழுதியிருந்த அடையாளக் குறிப்பை அவர் தோளுக்குமேல் நானும் பார்த்தேன். இடது காது, பிறை வடிவம், இரண்டும் இருந்தன.

"பிறவித் தழும்பா?"

"நான் கையில வாங்குனப்பவே இருந்துது," என்றாள்.

எப்போதும் கேட்கிறவரின் முகத்தைப் பார்த்தே பேசுகிறவள், அந்த ஒரு பதிலை மட்டும் தன் மடியைப் பார்த்துச் சொன்னாள். வலது கைக் கட்டைவிரல் மற்ற நான்கு விரலுக்குள் மடங்கி இருந்தது.

இன்ஸ்பெக்டர் படுதாவைப் பார்த்தார். "அம்மா, இது நிஜமா?"

"கங்கம்மா சொன்னதுதான் சத்தியம்," என்றது உள்ளிருந்து. கொஞ்சம் பொறுத்து, "பட்டைக் கிடங்குல. நல்லா எழுதிக்குங்க. ஆம்பூர்ல," என்றது.

எதிர்ஜன்னலில் தலைகள் மூன்றாகியிருந்தன. கங்கம்மாள் அந்தப் பக்கம் ஒரு பார்வை பார்த்தாள். "இன்னா வேடிக்க? மூணு பேரும் எப்படிப் பொறந்தீங்கன்னு இப்ப சொல்லட்டுமா?" ஜன்னல் மூடிக்கொண்டது.

முதல் வாக்குமூலத்தை இன்ஸ்பெக்டர் குறுக்கே அடித்தார். புதிது எழுதினேன். கைநாட்டுக்குக் கங்கம்மாளின் வலது கட்டைவிரலைப் பிடித்து மையில் உருட்டினது நான்தான். காகிதத்தில் விரலின் ரேகை சுத்தமாக விழுந்தது. நுனியில் நகம் இருந்த சுவடே இல்லை.

ஐந்து மாதம் ஆயிற்று. ஒரு நாள் ஜியாவுல்லாவின் கடிதம் வந்தது, யாரையோ வைத்து இங்கிலீஷில் எழுதினது. படித்துச் சொல்ல என்னைக் கூப்பிட்டார்கள். படுதாவுக்கு இப்புறம் நின்று படித்தேன். காகிதம் வந்துவிட்டதாம். போலீஸில் கொடுத்த புத்தகத்தை அவர்களிடமே திருப்பிக் கொடுத்தானாம். கரிக் கப்பலில் ஏறிவிட்டான். நான் ஆம்பூரில் பிறந்தவன் என்பது எனக்கே இப்போதுதான் தெரியும் என்று எழுதியிருந்தான். என் தலைத் தழும்பை அத்தனை தூரத்திலிருந்து அளந்து சொன்னது யார் என்றும் கேட்டிருந்தான்.

கங்கம்மாளிடம் போய்ச் சொன்னேன். "ஏறிட்டானா, சரி," என்றாள். பேறுகால மூட்டையை எடுத்துக்கொண்டு மாதனூர்ப் பக்கம் ஒரு வீட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். மேற்கொண்டு அதைப்பற்றி அவள் பேசவில்லை, இன்றுவரைக்கும் பேசினதில்லை.

மற்றதை அன்வரி பேகம்தான் சொன்னார், நான் அந்தக் கடிதத்தை மடித்துப் படுதாவுக்கு அடியில் நீட்டினபோது. சிரித்துக்கொண்டே சொன்னார்.

"அது பொறவித் தழும்பு இல்ல, பாபு. தலை மாட்டிக்கிச்சு. கங்கம்மாக்கு அப்ப பத்தொம்பது வயசு. இவ மாமியாக்காரிதான் அப்ப மருத்துவச்சி, அவ வெளியூர் போயிருந்தா. கூட ஆள் இல்லாம இவ தனியாப் பார்த்த மொத பிரசவம் அது. கட்டவெரல் நகம் கீறி ரத்தம் வந்துடுச்சு. புள்ளயக் கையில வச்சுக்கினு என்னவிட ஜாஸ்தி அழுதா. நான்தான் சொன்னேன், நீ கோலார்னு சொல்லு, நான் பொறவித் தழும்புன்னு சொல்றேன், யாருக்கும் தெரிய வேணாம்னு."

மூன்றாம் நாள் தாயையும் பிள்ளையையும் ரயிலுக்கு அனுப்பிவிட்டுத் திரும்பும்போது, கங்கம்மாள் கிடங்கு வாசலில் உடைந்து கிடந்த தோல் தேய்க்கிற கல்லில் ஒரு துண்டை எடுத்து மடியில் கட்டிக்கொண்டு போனாளாம்.