வலது கண் வளையம்

பறவை பார்க்கிறவர்கள் சாதுவானவர்கள் என்று ஊரில் ஓர் எண்ணம் இருக்கிறது. விடியற்காலையில் எழுந்து, தொப்பி போட்டுக்கொண்டு, ஏரிக்கரையில் மூச்சுவிடாமல் நிற்பவர்கள் வேறு எப்படி இருப்பார்கள் என்று நானும் நினைத்திருந்தேன். எங்கள் சனிக்கிழமைக் கூட்டத்தில் சேர்ந்த பிறகுதான் விஷயம் தெரிந்தது. அங்கே பறவையைப் பற்றிய பேச்சு கொஞ்சம்தான். பைனாகுலரைப் பற்றிய பேச்சுதான் அதிகம்.

நான் தாம்பரம் பக்கம் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. சேலையூரில் இரண்டாவது மாடியில் ஒரு சின்ன ஃபிளாட். ஞாயிறு காலை ஆராதனை, மற்ற ஐந்து நாளும் பள்ளி, நடுவில் சனிக்கிழமை மட்டும் ஒரு பெரிய ஓட்டையாக இருந்தது. அதை அடைக்கத்தான் ஒரு பைனாகுலர் வாங்கினேன். சீனாவில் செய்தது. எனக்கு அது போதும் என்று இருந்தேன், பெரும்பாக்கம் ஏரிக்கரையில் அதை வெளியே எடுக்கும்வரை.

அங்கே இருந்த ஐந்து பேரும் ஒரு பறவையை விட்டுவிட்டு என் பைனாகுலரைப் பார்த்தார்கள். ஒருவர் பரிதாபமாகச் சிரித்தார். சிறுசேரியில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் தம்பி ஒருவன், "பரவால்ல மேடம், ஸ்டார்ட் பண்றதுக்கு ஓகே" என்றான். அவனுடையது ஜப்பான். கூட்டத்திலேயே உசத்தியானது, நாங்கள் பாய் என்று கூப்பிடும் பெரியவருடையது. ஐரோப்பாவில் செய்தது, பச்சை உடம்பு, கூட்டத்தில் எல்லோரும் அதைப் 'பச்சை' என்றே சொல்வார்கள். பாய் மோட்டார் உதிரிபாகக் கடை வைத்திருந்தவர். கடையை மூடிவிட்டு நாவலூரில் மகன் வீட்டுக்கு வந்தபோது, தனக்கென்று வாங்கிக்கொண்ட ஒரே பொருள் அதுதானாம். அதை மார்பில் தொங்கவிட்டு அவர் நடந்து வருவதைப் பார்த்தால் மாப்பிள்ளை ஊர்வலம் தோற்றுவிடும். ஆனால் பச்சையை யாருக்கும் கொடுக்கமாட்டார். கேட்டால், "இந்தக் கண்ணாடி ஒருத்தர் கைக்குத்தாங்க பழகும்" என்பார். பெருமை தலைக்கேறிவிட்டது என்று நாங்கள் முதுகுக்குப் பின்னால் பேசிக்கொள்வோம்.

எட்டரை மணிக்கு வெயில் ஏறியதும் ரோட்டோரக் கடையில் டீ. அந்தப் பேச்சு எங்கே தொடங்கும், எங்கே போகும் என்று யாருக்கும் தெரியாது. லென்ஸ் துடைக்கிற துணியில் ஆரம்பிக்கும். துணியிலிருந்து வேட்டிக்குப் போகும். வேட்டியிலிருந்து போன வாரக் கல்யாணத்துக்கு, அங்கே பிரியாணியில் கறி வேகாததற்கு, பல் வலிக்கு, அடுக்குமாடியில் லிஃப்ட் நின்றுபோனதற்கு, அந்த லிஃப்டில் மாட்டிக்கொண்டவர் ஜெர்மன் பைனாகுலர் வைத்திருப்பவர் என்பதற்கு வந்து சேரும். கடைசியில் எப்படியோ தர்ம நியாயத்தில் நிற்கும். கைபேசியில் குரலை ஒலிக்கவிட்டுப் பறவையை வரவழைப்பது தப்பு. கூட்டைப் படமெடுத்து ஊருக்குக் காட்டுவது பெரிய தப்பு. தெளிவாகப் பார்க்காததை நோட்டில் எழுதுவது எல்லாவற்றையும்விடப் பெரிய தப்பு. இந்த மூன்றாவதில் பாய் கறார். கூட்டத்தின் நோட்டு அவரிடம்தான் இருக்கும். ஒருவர் வார்த்தையை நம்பித்தான் இன்னொருவர் எழுத முடியும் என்பார்.

அந்த நோட்டில்தான் எனக்கும் அவருக்கும் கசப்பு வந்தது. ஒரு டிசம்பர் காலையில், தூரத்து மின்கோபுரத்தில் புள்ளிக் கழுகு ஒன்றைப் பார்த்தேன். வெகு அபூர்வம். பாயைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் பச்சையை உயர்த்தி வெகுநேரம் பார்த்தார். நான் அதற்குள் நோட்டில் எழுதிவிட்டிருந்தேன். அவர் பைனாகுலரை இறக்கி, அது சேற்றுப் பூனைப்பருந்துதான் என்றார். எழுதியதை அடிக்கச் சொன்னார். "உங்க கண்ணாடில அது தெரியறதுக்கு சான்ஸே இல்ல டீச்சரம்மா" என்று எல்லோர் முன்னாலும் சொன்னார். அடித்தேன். இருபத்தெட்டு வருஷமாக மற்றவர்கள் கணக்கை அடித்துக்கொண்டிருப்பவள் நான். என் வரியை நானே அடிக்கவேண்டி வந்தது.

இத்தனைக்கும் எனக்கு அந்தக் கூட்டத்தில் நெருக்கம் என்றால் அவர்தான். வெள்ளிக்கிழமை சாயங்காலம் போன் செய்வார். "நாளைக்கு வரீங்கள்ல?" என்பார், அவ்வளவுதான். வாரம் முழுவதும் எனக்கு வரும் அழைப்புகளில் ஃபீஸ், டியூஷன், கடன் அட்டை இல்லாத ஒரே அழைப்பு அது. அதற்காக ஐந்து மணியிலிருந்தே போனைப் பக்கத்தில் வைத்துக்கொள்வேன். இதை வெளியே சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் உண்மை.

அடுத்து நடந்ததைப் புரிந்துகொள்ள ஒரு சின்ன விஷயம் தெரியவேண்டும். பைனாகுலரில் திருப்புவதற்கு இரண்டு உண்டு. நடுவில் இருக்கும் சக்கரம் பொதுவானது, யார் வேண்டுமானாலும் திருப்பலாம். வலது கண் பக்கம் ஒரு வளையம் இருக்கும். நம் இரண்டு கண்ணுக்கும் உள்ள வித்தியாசத்தை அதில் ஒருமுறை சரிசெய்துகொண்டால் பிறகு அதைத் தொடவேண்டியதில்லை. அடுத்தவர் பைனாகுலரை வாங்கினால் சக்கரத்தோடு நிற்கவேண்டும். வளையத்தைத் தொடுவது அடுத்தவர் செருப்பைப் போட்டுக்கொண்டு போவது மாதிரி. தொட்டுத்தான் ஆகவேண்டும் என்றால், கொடுக்கும்போது பழைய இடத்தில் வைத்துக் கொடுக்கவேண்டும்.

ஒரு சனிக்கிழமை பாய் பச்சையை மகன் காரில் மறந்துவிட்டு வந்திருந்தார். பாவம், சும்மா நின்றார். நான் என்னுடையதைக் கொடுத்தேன். வளையத்தைத் திருப்பிக்கொண்டு காலை முழுவதும் பார்த்தார். திருப்பிக் கொடுக்கும்போது, வழக்கத்துக்கு மாறாக, பழைய இடத்தில் வைக்க மறந்துவிட்டார் போலிருக்கிறது. எனக்கு அப்போது அது தெரியாது. அந்த வாரம் முழுவதும் அரையாண்டுத் தேர்வு விடைத்தாள்கள். பைனாகுலர் பையை விட்டு வெளியே வரவில்லை.

அடுத்த சனிக்கிழமை சிறுசேரித் தம்பி ஒரு யோசனையோடு வந்தான். எல்லாருடைய பைனாகுலரையும் பெயர் தெரியாமல் மறைத்து வைத்துப் பார்ப்போம், எது நல்லது என்று கண் சொல்லட்டும் என்றான். பாய் தயங்கினார். தயங்கத் தயங்க மற்றவர்களுக்கு உற்சாகம் கூடியது. கடைசியில் கழற்றிக் கொடுத்தார். சுற்றிக் கட்டும் வேலை என்னிடம் வந்தது. டீச்சர் ஆயிற்றே, காப்பி அடிக்க விடமாட்டாள் என்றார்கள்.

ஆறு பைனாகுலரிலும் பழைய துண்டுகளைச் சுற்றி, கறுப்பு டேப் ஒட்டி, நம்பர் போட்டு, கரைச் சுவர்மேல் வரிசையாக வைத்தேன். சக்கரமும் கண் வைக்கிற இடமும் மட்டும் வெளியே தெரியும். எல்லோருக்கும் ஒரே வினாத்தாள் இருக்கவேண்டும் என்று, சுற்றுவதற்கு முன் ஒவ்வொன்றின் வளையத்தையும் நடுக்கோட்டுக்குத் திருப்பினேன். பாயுடையது ஒரு கோடிக்குப் போயிருந்தது. கைப்பட்டு நகர்ந்திருக்கும் என்று நினைத்தேன். என்னுடையதை நான் பார்க்கவே இல்லை. எனக்கு இரண்டு கண்ணும் சமம், அது எப்போதும் நடுவில்தான் இருக்கும்.

கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, சக்கரம் திருப்ப மட்டும் ஒரு விரல் கொடுத்து, ஒவ்வொருவராகக் குனிந்து பார்த்தார்கள். சீட்டில் எழுதிக் கொடுத்தார்கள். எந்த நம்பர் யாருடையது என்று தெரிந்தவள் என்பதால் நான் பார்க்கவில்லை. மற்றவர்கள் எல்லோரும் இரண்டாம் நம்பரை முதலாவதாகவும் நான்காம் நம்பரைக் கடைசியாகவும் எழுதியிருந்தார்கள். பாய் மட்டும் நேர் எதிராக எழுதியிருந்தார். நான்கு முதலாவது, இரண்டு கடைசி. டேப்பைக் கிழித்தேன். இரண்டு பச்சை. நான்கு என்னுடைய சீனா.

கரையில் எழுந்த சிரிப்பில் நீர்க்காகங்கள் கிளம்பிவிட்டன. "இன்னா பாய், இத்தினி நாளா பேரத்தான் பாத்துகினு இருந்தீங்களா?" என்று தம்பி கேட்டான். என் வாய் சும்மா இருந்திருக்கலாம்.

"என்ன பாய், இப்போ புள்ளிக் கழுகு தெரியுதா?" என்றேன்.

எல்லோரையும்விட நான்தான் உரக்கச் சிரித்தேன். பாயும் சிரித்தார். பச்சையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டார். நோட்டைத் தம்பியிடம் கொடுத்தார். டீக்கு நிற்கவில்லை.

சாயங்காலம் பால்கனியில் நின்று, எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டியில் உட்கார்ந்திருந்த காக்காயைப் பைனாகுலரில் பார்த்தேன். வலது கண்ணில் வெறும் கறுப்புக் கறைதான் தெரிந்தது. வளையத்தைப் பார்த்தேன். ஒரு கோடியில் இருந்தது, காலையில் பச்சையில் பார்த்த அதே கோடி. கணக்கு டீச்சருக்கு இதற்குமேல் வழிமுறை எழுதிக் காட்டவேண்டியதில்லை. பாய் அவர் கண்ணுக்குப் பொருந்தியிருந்த ஒன்றைத் தேர்ந்தெடுத்திருக்கிறார். அவருடையதை நான் கெடுத்து வைத்திருக்கிறேன். சோதனை செல்லாது.

வாட்ஸ்அப் குழுவுக்கு ஒரே ஒரு செய்தி அனுப்பினால் போதும். அடித்தேன், அழித்தேன். மறுபடி அடித்தேன். அனுப்பவில்லை. அடிக்கப்பட்ட என் வரிக்குப் பதில் கிடைத்துவிட்டது என்று ஒரு அற்ப சந்தோஷம். அதை ஒரு வாரமாவது வைத்துக்கொள்ள ஆசைப்பட்டேன். அவருடைய வலது கண்ணுக்கு என்ன என்று எனக்குத் தோன்றவே இல்லை. தோன்றியிருக்கவேண்டும்.

அடுத்த வெள்ளிக்கிழமை போன் வரவில்லை. அதற்கடுத்ததும் வரவில்லை. ஏரிக்கரையில் அவர் நிற்கிற இடம் காலியாக இருந்தது. டீக்கடையில் பேச்சு துணியில் ஆரம்பித்துத் துணியிலேயே முடிந்தது. ஒரு வாரம் என்பது ஒரு மாதமாகி, சொல்லாமலிருந்ததே ஒரு வழக்கமாகிவிட்டது. ஞாயிறுதோறும் ஆலயத்தில் எல்லோரோடும் சேர்ந்து பாவ அறிக்கை சொல்வேன். நூறு பேரோடு சேர்ந்து சொல்வதில் ஒரு வசதி, எது என்று யாரும் கேட்கமாட்டார்கள். வெள்ளிக்கிழமைச் சாயங்காலங்களில் மிக்ஸி ஓடினால்கூடப் போன் அடிப்பதாகத் தோன்றி நிறுத்தினேன். அவ்வளவு தனிமையை நான் அதற்கு முன் அறிந்ததில்லை. அதுவரை தனியாக இருப்பதை என் சுபாவம் என்று நினைத்திருந்தேன்.

ஏப்ரலில் ஒருநாள் பொறுக்கமாட்டாமல் கிளம்பிவிட்டேன். சோழிங்கநல்லூரில் பஸ் மாறி நாவலூர். பதினோராவது மாடி. மருமகள் காதில் ஹெட்போனோடு கதவைத் திறந்து, பால்கனியைக் காட்டிவிட்டு மீட்டிங்குக்குப் போய்விட்டாள். பாய் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பச்சை மடியில் இருந்தது, உறைக்குள். மெலிந்திருந்தார். என்னைக் கண்டதும் எழுந்து, அந்த நாற்காலியையே எனக்குப் போட்டார்.

பஸ்ஸில் வரும்போது மனப்பாடம் செய்த வாக்கியத்தை எடுத்தேன். "பாய், அன்னிக்கு அந்த வளையம்..." என்பதற்குள் அவர் கையமர்த்தினார்.

"தெரியும் டீச்சரம்மா. நாலாம் நம்பர்ல கண்ண வச்சதுமே தெரிஞ்சிடுச்சு. அவ்ளோ தூரம் திருப்பி வச்சது வேற யாரு? ஆனா தெளிவாத் தெரிஞ்சதத்தான எழுதணும், எழுதிட்டேன்."

பிறகு அவரே சொன்னார். வலது கண்ணில் புரை. சர்க்கரையால் உள்நரம்பும் கெட்டிருக்கிறது. ஆபரேஷன் செய்தாலும் எவ்வளவு திரும்பும் என்று டாக்டரால் சொல்ல முடியவில்லை. மூன்று வருஷமாக வளையத்தை நகர்த்தி நகர்த்தி ஓட்டிக்கொண்டிருந்தார். பச்சையை யாருக்கும் கொடுக்காததும் அதனால்தான். வாங்கிப் பார்க்கிறவனுக்குத் தெரிந்துவிடும். சோதனை தப்பு என்று அன்றைக்கே சொல்லியிருப்பார். சொன்னால், ஏன் அவ்வளவு தூரம் திருப்பினீர்கள் என்று கேள்வி வரும். அப்புறம் மூன்று வருஷமாக அவர் நோட்டில் எழுதியதை யார் நம்புவார்கள்?

"உங்க கழுகு கூட, எனக்குப் பிடிபடல. வெறும் கறுப்பாத்தான் தெரிஞ்சுது. கண்ணுன்னு சொல்ல வாய் வரல, உங்க கண்ணாடி மேல பழிய போட்டுட்டேன். அத திரும்ப எழுதிடுங்க."

நான் வாயைத் திறந்தேன்.

"அப்புறம், நீங்க வூட்டுக்குப் போய் வளையத்தைப் பாத்திருப்பீங்க. பாத்தும் யார்கிட்டயும் சொல்லல. இத்தினி மாசம் ஆச்சு, ஒருத்தன் கூட எங்கிட்ட கேக்கல. என் மானத்த காப்பாத்தினீங்க டீச்சரம்மா. எல்லாரும் அப்படி இருக்கமாட்டாங்க."

மருமகள் டீ கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள். நான் சொல்ல வந்ததை டீயோடு சேர்த்து விழுங்கினேன். "அதனாலென்ன பாய்" என்று வேறு சொன்னேன்.

அந்த வெள்ளிக்கிழமை போன் வந்தது. சனிக்கிழமை அவர் வந்தார். யாரும் பழைய கதையை எடுக்கவில்லை. தம்பி நோட்டைத் திருப்பிக் கொடுத்தான். என் கழுகு அடித்தபடியே இருக்கிறது. பாய் இரண்டு தரம் நினைவூட்டினார், நான்தான் எழுதவில்லை.

வெயில் ஏறுவதற்குக் கொஞ்சம் முன்னால், கோரைப்புல் ஓரம் ஏதோ அசைந்தது. பாய் கழுத்திலிருந்து பச்சையைக் கழற்றி என்னிடம் நீட்டினார். யாருக்கும் கொடுக்காததை, மற்றவர்கள் பார்க்கப் பார்க்க, எனக்குக் கொடுத்தார். வாங்கிக் கண்ணில் வைத்தேன். நடுச் சக்கரத்தை மட்டும் திருப்பினேன். இடது கண்ணில் நீலத் தாழைக்கோழி ஒன்று, சிவந்த அலகு, கால் விரல் முதற்கொண்டு தெரிந்தது. வலது கண்ணில் பனிமூட்டம். இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று ஏறித் தலை வலித்தது.

"எப்படி?" என்று கேட்டார்.

"உங்க கண்ணாடிக்கு ஈடே இல்ல பாய்" என்றேன்.

வலது கண்ணை மூடிக்கொண்டிருந்தால் தெளிவாகவே தெரிந்திருக்கும். மூடாமல் பார்த்துக்கொண்டிருந்தேன்.