தாணே போய்த் திரும்பிய பிளாஸ்மா

முனைவர் பட்டத்துக்கான வாய்மொழித் தேர்வை எல்லார் முன்னாலும்தான் நடத்துவார்கள். எங்கள் வீட்டில் அது கல்யாணம் மாதிரி ஆகிவிட்டது. தேர்வாளர்களுக்குக் கொடுக்க அம்மா கிங்ஸ் சர்க்கிளில் மைசூர்பாகு வாங்கினாள். அப்பா இஸ்திரி போட்ட சட்டையோடு முலுண்டிலிருந்து வந்து, அம்மாவுடன் கடைசி வரிசையில் உட்கார்ந்துவிட்டார்.

அப்பா ஒரு கம்பெனியில் கணக்கெழுதி ஓய்வு பெற்றவர். நான் என்ன படிக்கிறேன் என்று உறவுக்காரர்கள் கேட்டால், ஏதோ காற்றைப் பற்றி என்பார். சூரியனிலிருந்து ஓயாமல் வீசும் மின்துகள் கூட்டம், அதாவது பிளாஸ்மா, பூமியின் காந்தப்புலத்துக்குள் எப்படி நுழைகிறது என்பதுதான் என் ஆய்வு. சாப்பிடும்போது எத்தனையோ தடவை விளக்கிப் பார்த்தேன். தலையாட்டிவிட்டு ரசம் கேட்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

தேர்வில் எல்லாம் ஒழுங்காகத்தான் போனது. தில்லியிலிருந்து வந்த தேர்வாளர் மட்டும் முகத்தைத் தளர்த்தவே இல்லை. கடைசியாக ஒன்று கேட்டார். சூரியக் காற்று பூமியில் மோதுவது பகல் பக்கத்தில். என் படத்திலோ துகள்கள் இரவுப் பக்கத்திலிருந்து பூமிக்கு வருகின்றன. அது எப்படி?

தூக்கத்தில் கேட்டாலும் சொல்லியிருப்பேன். அப்போது பார்த்து நாக்கு ஒட்டிக்கொண்டது. இதில் தடுமாறினால் ஆய்வேட்டைத் திருத்தி எழுதச் சொல்லிவிடுவார்கள் என்ற பயம் வேறு.

“சார், அதெல்லாம் தாணே போய் ரிட்டர்ன் வருது” என்று இங்கிலீஷில் உளறிவிட்டேன்.

என் வழிகாட்டிப் பேராசிரியர் வாய்விட்டுச் சிரித்தார். அவர் தினமும் டோம்பிவிலி ரயிலில் இடிபடுகிறவர். காலைக் கூட்டத்தில், நகரத்துக்குப் போகும் வண்டியில் முலுண்டில் ஏறுவது நடக்காத காரியம். அதனால் முலுண்டுக்காரர்கள் நாங்கள் எதிர்த்திசை வண்டியில் தாணே வரை போய், அது திரும்பும்போது சௌகரியமாக உட்கார்ந்து வருவோம். பாவம், தில்லிக்காரருக்கு அது எங்கே தெரியப்போகிறது!

சிரிப்புச் சத்தத்தில் என் நாக்கு அவிழ்ந்தது. பகல் பக்கத்தில் காந்தப்புலம் கூட்டத்தைத் தள்ளி விலக்கிவிடும். ஆனால் சூரியக் காற்று சுமந்துவரும் காந்தக்கோடுகள் பூமியின் கோடுகளுக்கு எதிர்த்திசையில் இருந்தால், இரண்டும் அறுந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். கதவு திறந்த மாதிரிதான். ஒட்டிய கோடுகளைக் காற்று துருவங்களுக்கு மேலாக இழுத்துப் இரவுப் பக்கத்தில் வால்போல் நீண்டிருக்கும் காந்தப்புலத்துக்குக் கொண்டுபோகும். அங்கே அவை மறுபடி அறுந்து இணையும்போது, துகள்கள் பூமியை நோக்கித் தூக்கியெறியப்படும். இவ்வளவையும் மூச்சுவிடாமல் சொன்னேன். தேர்வாளர் ஏதோ குறித்துக்கொண்டு, திருப்தி என்றார்.

அடுத்து, சபையில் யாருக்காவது கேள்வி உண்டா என்று ஒப்புக்குக் கேட்டார்கள். வெளியே டீ ஆறிக்கொண்டிருக்கும்போது யார் கேட்பார்கள்? அப்பா எழுந்து நின்றார். அம்மா அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

“ரிட்டர்ன் வரதெல்லாம் பூமியிலயே எறங்கிடுமா? இல்லை, சிலது எறங்காம சுத்திண்டே இருக்குமா?”

என் ஆய்வேட்டின் கடைசி அத்தியாயமே அதுதான். சபையை மறந்து தமிழிலேயே பதில் சொன்னேன்.

“சிலது துருவத்துக்கிட்ட எறங்கும்பா. அங்க வானமே பச்சையா ஜொலிக்கும். சிலது எறங்காம பூமியைச் சுத்திண்டே இருக்கும்.”

அப்பா உட்காரவில்லை.

“அப்பறம்?” என்றார்.

எனக்குப் பட்டம் உண்டு என்று அறிவித்தபோதும் நான் அவருக்குச் சொல்லிக்கொண்டுதான் இருந்தேன்.