அரைக் கிலோ ஈயம்

"இன்னாம்மா, ஸ்கூல் பசங்க வெளையாடுற பொம்மப் படகு. இத வாங்க ஒரு இஞ்சினியரு, அதுக்கு ஒரு ப்ராஜெக்டு வேற."

எங்கள் கம்பெனி பர்ச்சேஸில் இருக்கும் செல்வம் சார் சொன்னது இது. அப்போது நான் டிரெயினி. ஒரகடத்தில் கார் பாகங்கள் செய்யும் கம்பெனி. நான் தண்ணீர் சுத்திகரிப்பு லேபில் இருந்தேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முடித்த முதல் ஆள் நான். அதற்கு மேலே தண்டலம் பக்கத்தில் இஞ்சினியரிங்கும் முடித்தேன். இதைச் சொல்ல எனக்குக் கூச்சமில்லை.

தொழிற்சாலைக்குப் பின்னால் பெரிய மழைநீர்க் குளம் இருக்கிறது. மாதாமாதம் அதன் நடுவிலிருந்து தண்ணீர் எடுத்துப் பரிசோதிக்க வேண்டும். முன்பு டிரம்களைக் கட்டி மிதக்கவிட்டு இரண்டு பேர் போவார்கள். ஒருமுறை ஒருவர் உள்ளே விழுந்து எழுந்ததும் சேஃப்டியில் அதை நிறுத்திவிட்டார்கள். ரிமோட் படகில் பாட்டிலை அனுப்பலாம் என்று நான் எழுதிக் கொடுத்தேன். "சரி, இதுதான் உன் ப்ராஜெக்ட். ஓடினா வேலை கன்ஃபர்மேஷன்" என்றார் பிளான்ட் ஹெட்.

ஓடாவிட்டால் என்ன என்று அவர் சொல்லவில்லை. அதற்குள் என் அப்பா எங்கள் ஊர் சேரப்பணஞ்சேரி முழுக்கச் சொல்லிவிட்டார்: "எம் பொண்ணு கம்பெனிக்குக் கப்பல் வாங்குது."

தொட்டியில் புயல்

கடைக்காரர் இரண்டு படகுகள் கொண்டுவந்தார். ஒன்று சிவப்பு, மெலிந்த உடம்பு, தட்டையான அடி, அம்பு மாதிரிப் போகும். செல்வம் சாருக்குப் பார்த்ததுமே பிடித்துவிட்டது. இன்னொன்று சாம்பல் நிறம், அகலமானது, ஆழமான வயிறு, அடியில் ஒட்டிய ஈயத் தகடு, தூக்கினால் கை வலிக்கும்.

"இது எருமமாடு மாதிரி கீது" என்றார் செல்வம் சார்.

வந்தது ஆடி மாதம். அந்தக் குளத்தில் அப்போது அடிக்கும் காற்றில் ஹெல்மெட் பறக்கும். அதனால் கேன்டீனில் பாத்திரம் கழுவும் நீளமான தொட்டியைக் கேட்டு வாங்கி, பக்கத்தில் பெடஸ்டல் ஃபேனை வைத்தேன். கேன்டீன் மாஸ்டர் ஒரு பெரிய தட்டால் தண்ணீரை அடித்து அலை உண்டாக்கினார்.

"டிக்கெட் எவ்ளோம்மா? நானும் ஏறிக்கறேன்."

"மொதல்ல அலைய நல்லா அடிங்க மாஸ்டர்."

சிவப்புப் படகு மூன்றாவது அலையில் குப்புறக் கவிழ்ந்தது. எருமைமாடு சாய்ந்தது, மூக்கு வரை முங்கியது, பிறகு தானே நிமிர்ந்துகொண்டது. மூடியைத் திறந்து பார்த்தேன். ரப்பர் வாஷர் போட்டு இறுக்கியிருந்தார்கள். உள்ளே ஒரு சொட்டு இல்லை. எங்கள் லேபுக்குப் புதிதாக வருகிறவர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள். காற்றுள்ள தண்ணீரில் வேகத்தைப் பார்க்காதீர்கள். கவிழ்ந்தால் எழுமா, எதிர்க்காற்றில் திரும்பி வர பேட்டரி தாங்குமா என்று பாருங்கள்.

மிச்சப்படுத்தியது

எருமைமாட்டையே வாங்கி, பாட்டில் மாட்டும் கொக்கியைப் பொருத்த மணி அண்ணனிடம் கொடுத்தேன். அவர் தகடு அடித்துப் பாகம் செய்யும் பிரஸ் லைனில் சூப்பர்வைசர். எந்தப் பாகத்திலும் பத்து கிராம் குறைத்தால் கைதட்டி மேடையில் பரிசு கொடுக்கும் லைன் அது. அவர் வீட்டு ஷெல்ஃபில் டிஃபன் பாக்ஸாகவே நிற்கும், எல்லாம் பரிசு.

டிரையல் அன்று குளக்கரையில் பிளான்ட் ஹெட், செல்வம் சார், மணி அண்ணன், வேலை இல்லாதவர்கள், வேலை இருந்தும் வந்தவர்கள் எல்லோரும் இருந்தார்கள். காற்று எந்தக் கரையை நோக்கி அடிக்கிறதோ அந்தக் கரையில் எல்லோரையும் நிற்கவைத்தேன்.

"கண்ணுல மண்ணு அடிக்குது. அந்தப் பக்கம் நிக்கக் கூடாதா?" என்றார் செல்வம் சார்.

"படகு நின்னுபோச்சுன்னா காத்தே கொண்டாந்து குடுத்துடும் சார்."

அது உடனே நிரூபணமானது. படகு இருபதடி போனது, முதல் அலையில் மல்லாந்தது, வயிற்றைக் காட்டியபடி மிதந்து என் காலடிக்கே வந்து சேர்ந்தது.

"தூக்கம் வந்துடுச்சி போல" என்றார் செல்வம் சார். கரை முழுக்கச் சிரித்தது. பிளான்ட் ஹெட் மட்டும் சிரிக்கவில்லை. 

குனிந்து படகை எடுத்தேன். ஒரு கையில் வந்துவிட்டது.

"அண்ணே, அடியில ஈயத் தகடு இருந்துச்சே?"

மணி அண்ணன் முகம் மலர்ந்தது. "பாத்துட்டியா? சும்மா ஒட்டி வெச்சிருந்தானுங்கம்மா, ஒரு வேலையும் செய்யல. அரைக் கிலோ மிச்சம். உம் பேர்லதான் பரிசுக்கு எழுதிக் குடுக்கலாம்னு கீறேன்."

"அதுதாண்ணே படகை நிமுத்துறது. இப்ப எங்க இருக்கு?"

அவர் மெதுவாகச் செல்வம் சார் பக்கம் திரும்பினார். "சாருக்கு ஃபேன் காத்துல பேப்பர் பறக்குதேன்னு..."

பிளான்ட் ஹெட் வாட்சைப் பார்த்தார். "பத்து நிமிஷம் நிக்கறேன்."

பர்ச்சேஸ் ஆபீசுக்கு ஓடினேன். கொட்டேஷன்களின் மேல் என் ஈயம் ஜம்மென்று உட்கார்ந்திருந்தது. எடுத்தேன். பின்னால் கொட்டேஷன்கள் எல்லாம் எழுந்து பறந்தன. நான் திரும்பிப் பார்க்கவில்லை.

தகட்டை அடியில் ஒட்டி, டேப் சுற்றி, மறுபடி விட்டேன். அலை அடித்தது, படகு சாய்ந்தது. நிமிர்ந்தது. மறுபடி சாய்ந்தது, நிமிர்ந்தது. படகு நடுக்குளத்துக்குப் போனதும் ரிமோட்டில் பொத்தானை அழுத்தினேன். பாட்டில் இறங்கி நிரம்பியது. திரும்பி வந்த படகிலிருந்து பாட்டிலை பிளான்ட் ஹெட்டே கழற்றி என்னிடம் கொடுத்தார்.

"லேபுக்குப் போ. ரிசல்ட் சாயங்காலம் வேணும்."

செல்வம் சார் கேட்ட ஒரே கேள்வி: "அப்ப என் பேப்பர்வெயிட்டு?" குளக்கரையிலிருந்து நல்ல கருங்கல்லாக ஒன்று பொறுக்கிக் கொடுத்தேன். இன்றும் அவர் மேசையில் இருக்கிறது.

நான் கற்றது சின்ன விஷயம். ஒரு பொருள் என்ன வேலை செய்கிறது என்று தெரியும்வரை அதை மிச்சம் என்று சொல்லக் கூடாது.

கன்ஃபர்மேஷன் வந்துவிட்டது. எங்கள் குளம் நிரம்பினால் வழிவது பக்கத்து ஏரிக்குத்தான். அங்கே காற்று இன்னும் முரடு. அந்தத் தண்ணீரையும் பரிசோதிக்க அனுமதி கேட்டு வாங்கிவிட்டேன். நாலடி நீளத்தில் புதுப் படகு போன வாரம் வந்தது. அப்பாவின் கணக்கில் இரண்டாவது கப்பல். கொக்கி வைக்க அது இப்போது மணி அண்ணன் மேசையில் இருக்கிறது. கொடுப்பதற்கு முன் ஈயத்தின் மேல் சிவப்பு பெயின்டில் எழுதியிருக்கிறேன்: "அண்ணே, இதுக்கு வேலை இருக்கு."